சிவப்புக் கட்டத்துக்குப் பின்னால் தூங்கியவர்

தலைமாட்டுச் சுவரைத் துளைபோடும் இயந்திரம் குடையத் தொடங்கியபோது நான் படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எனக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. விடிந்து வீடு வந்து, முகம் கழுவி, ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுத்தால் உலகம் எனக்கு இல்லை. அன்றைக்கு உலகம் சுவரைக் குடைந்துகொண்டு வந்தது.

எழுந்து வாசலுக்குப் போனேன். ஏணிமேல் கல்லுக்காரர் இயந்திரத்தோடு நின்றார். ஏணியை அப்பா பிடித்திருந்தார். சாக்கில் சுற்றிய ஒரு கருங்கல் பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது. சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய ஒருவர் தள்ளி நின்று, மட்டம் சரியா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌனப்பந்துச் சங்கத்தின் செயலாளர்.

"ஆந்தை எழுந்துடுச்சு," என்றாள் அம்மா. சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர். அம்மா அதைக் கொஞ்சலாகச் சொல்வாள். மற்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவன் பகலில் தூங்கினால் அதற்கு வேறு பெயர்களும் உண்டு.

"தம்பி தூங்கிட்டிருந்தீங்களா? வெயில் மூஞ்சியில அடிக்குதே!" என்றார் செயலாளர்.

"ராத்திரி வேலை."

"ஓ," என்றார். பகல் மனிதர்கள் அந்த 'ஓ'வை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பாதி 'பாவம்', பாதி 'சோம்பேறி'.

"நாளைக்கு விழா. பெரியவர் வளர்ந்த வீடு. உங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை!"

பெரியவர் என்றது என் பெரியப்பாவை. அப்பாவின் அண்ணன். மௌனப்பந்தைக் கண்டுபிடித்தவர். இன்றைக்கு அதை ஆடாத ஊர் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம்தான்: இரண்டு பேர், வெறுங்கால், ஒரு குறுகலான களம். பஞ்சடைத்த பந்தை உள்ளங்கையால் அடித்து எதிரே மெத்தை வைத்த சுவரில் படவைக்க வேண்டும். திரும்பி வருவதை மற்றவர் அடிக்க வேண்டும். சத்தம் எழுப்பினால் புள்ளி போச்சு. பார்க்கிறவர்களும் கைதட்டக் கூடாது, விரல்களை ஆட்டலாம். பக்கச் சுவரில் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும். பந்து அதில் பட்டால் புள்ளியல்ல, ஆட்டமே போச்சு.

எல்லாவற்றையும்விடப் பேர்போனது 'நிலை'. ஆட்டத்தின் நடுவே சத்தம் வந்துவிட்டால் இருவரும் இருந்தது இருந்தபடி சிலையாக நிற்க வேண்டும். நடுவர் கையை இறக்கிய பிறகுதான் அசையலாம். அதைப் பற்றித் தனிப் புத்தகங்களே வந்திருக்கின்றன. அகந்தை அடங்கும் கணமாம். சிவப்புக் கட்டம் மனிதனின் சினமாம்.

சிவப்புக் கட்டம் எங்கள் வீட்டுக் கதவு. நான் தூங்கும் அறையின் கதவு.

அதற்குப் பின்னால் அந்தக் காலத்தில் தாத்தா தூங்கினார். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறையில் அவருக்கு இரவு வேலை. பாட்டி பகலில் தையல் வேலைக்குப் போவார். போகும்போது இரண்டு பையன்களையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார். பையன்களுக்கு இருந்த இடம் அறைகளை ஒட்டி ஓடும் நடைவழி மட்டும். சத்தம் போட்டால் தாத்தா எழுந்து வந்து அறைவார். கேள்வி, விசாரணை கிடையாது. அதனால் பழைய காலுறைக்குள் பஞ்சை அடைத்தார்கள். எதிர்ச்சுவரில் மெத்தையைச் சாய்த்தார்கள். பந்து தப்பிப்போய்க் கதவில் பட்டால் இருவரும் அப்படியே நிற்பார்கள், உள்ளே குறட்டை மறுபடி கிளம்புகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. கிளம்பினால் ஆட்டம். கிளம்பாவிட்டால் ஓட்டம்.

அகந்தை அடங்கும் கணம் இதுதான்.

அந்தப் பழக்கம் எங்கள் வீட்டைவிட்டு இன்னும் போகவில்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்து தோளைத் தொடுவோம். ஒரு விரல் காட்டினால் சாப்பிட வா, இரண்டு காட்டினால் ஆள் வந்திருக்கிறது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், "ஊமை வீட்டுல கொண்டுவந்து தள்ளிட்டாங்களே" என்று மூக்கைச் சிந்தினாளாம். இப்போது அவள் பாத்திரத்தை இறக்கிவைத்தால் பூனை கால் வைப்பதுபோல் இருக்கும்.

கல்லுக்காரர் துளைகளை முடித்துவிட்டு இறங்கிச் சாக்கை அவிழ்த்தார், மறுபடி ஏறித் துளைகளில் தூசியைத் தட்டினார். அப்பா ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடியே குனிந்து கல்லைப் படித்தார். அப்பா பணிமனையில் டயர் மாற்றி ஓய்வு பெற்றவர். எழுத்தை மெதுவாகத்தான் படிப்பார், உதடு அசையும். மேலே பெரியப்பாவின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அந்த வரிக்குப் பக்கத்தில் நிறைய இடம் காலியாக இருந்தது. கீழே இப்படி:

'பகலெல்லாம் உறங்கிக் கிடந்த தந்தையின் இல்லத்தில், ஆதரவின்றி வளர்ந்த சிறுவன், தன் மௌனத்திலிருந்து ஓர் ஆட்டத்தைப் படைத்தான்.'

அப்பாவின் உதடு 'கிடந்த' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"இந்த வரி வேணாம்," என்றார்.

செயலாளர் சிரித்தார். "ஐயா, இது கல்லு."

"தெரியுது. வேணாம்."

"குழு ஒப்புதல் கொடுத்து வெட்டினது ஐயா. அதுவும் நாங்களா எழுதலை. பெரியவரே சொன்னது. பேட்டியில கேட்டாங்க, அப்பா எப்படின்னு. 'எங்கப்பா பகல் முழுக்கத் தூங்குவாரு, நாங்க சத்தம் போடாம ஆடுவோம்'னு சொன்னாரு. நானே பக்கத்துல இருந்தேன்."

"சொல்லியிருப்பான். பொய் இல்லையே."

"அப்புறம் என்ன?"

"ஏன் தூங்கினாருன்னு ஒருத்தரும் கேக்கலையா?"

செயலாளர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே யோசித்தார். கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் விழாவுக்கு முந்தின நாள் யோசிப்பதில் என்ன பிரயோசனம்? அப்பாவைச் சமாதானப்படுத்த வேறு பக்கம் போனார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உங்க அப்பா இல்லைன்னா இந்த ஆட்டமே இல்லை. எல்லாப் பயிற்சிக் கூடத்துலயும் பிள்ளைங்களுக்கு அவரைத் தெரியும். காலைல எழுந்திரிக்காதவனைத் தட்டி, 'ஏண்டா, நிறுவனரோட அப்பனா நீ?'ன்னுதான் எழுப்புவாங்க. நான்கூட அப்படித்தான் எழுந்தேன்!"

அப்பா ஏணியை விட்டுவிட்டார்.

"ஐயா, ஏணி! ஏணி!" என்று கல்லுக்காரர் மேலிருந்து கத்தினார். நான் ஓடிப் பிடித்தேன். அப்பா உள்ளே போய்விட்டிருந்தார்.

கல்லைப் பதித்தார்கள். அதன்மேல் ஒரு பட்டுத் துணியைத் தொங்கவிட்டார்கள். போகும்முன் செயலாளர் என்னிடம், "அப்பாவை நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க தம்பி, மனசு ஆறும்," என்றார். நான் தலையாட்டினேன். அப்பா நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை. குறட்டைக்குக் காது கொடுத்து வளர்ந்தவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா நடைவழியில் மெத்தைச் சுவருக்கு எதிரே வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா ஏன் அதைத் திருத்தலை?" என்றேன். "அப்பா இல்லாத பிள்ளை மாதிரி வளர்ந்தேன்னா கதை நல்லா இருக்கும். பம்ப் ஓட்டிட்டு வந்து தூங்கினாருன்னா சப்புனு போயிடும். அதானே?"

"உனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே," என்றார் அப்பா. "அறை வாங்கினவன் அவன்தான். குறட்டை வரலைன்னா நான் ஓடிக் கட்டிலுக்கு அடியில பூந்துடுவேன். அவன் நிப்பான். ரெண்டு பேருக்கானதையும் வாங்குவான். கோபம் இருக்காதா?"

"அப்ப விட்டுடுங்க."

"அவன் கோவிச்சுக்கட்டும். அவனுக்கு உரிமை உண்டு. ஊரானுக்கு என்ன? குழாயைத் திறந்து தண்ணி குடிச்ச ஊருதானே இது?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சோம்பேறின்னு கல்லுல இருந்தா அது போகாதுடா," என்றார்.

"அண்ணனும் தம்பியும் செத்தும் சண்டையை விடமாட்டாங்க," என்றாள் அம்மா சமையலறை வாசலில் நின்று, ரகசியக் குரலில்.

"நான் இன்னும் சாகலை," என்றார் அப்பா.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது தெருவை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். மௌனப்பந்துச் சங்கம் இரண்டு ஒலிபெருக்கிகளோடு வந்திறங்கியிருந்தது. "ஹலோ, சோதனை, ஹலோ" என்று ஒருவர் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தார். நடைவழியில் கேமராக்காரர்கள் வயர் இழுத்தார்கள். கல்லுக்காரர்கூடச் சலவைச் சட்டையில் வந்திருந்தார். நிகழ்ச்சி இதுதான்: நடைவழியில் அசல் களத்தில் ஒரு காட்சி ஆட்டம். ஒரு பக்கம் நடப்புச் சாம்பியன், இன்னொரு பக்கம் கண்டுபிடித்தவரின் முதல் எதிராளியான அப்பா. அது முடிந்ததும் சாம்பியன் துணியை விலக்கிக் கல்லைத் திறப்பாள்.

சாம்பியன் இருபது வயதுப் பெண். நெட்டையாக, தூக்கம் போதாத கண்களோடு, சுவரில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்தது.

நான் நேரே என் அறைக்குப் போகப் பார்த்தேன். செயலாளர் மறித்தார்.

"தம்பி, இன்னைக்கு ஒருநாளாவது முழிச்சிருக்கக் கூடாதா? அறையையும் படம் எடுக்கணும்."

அப்பா இருவருக்கும் நடுவில் வந்தார். "அவன் தூங்கட்டும்."

"ஐயா..."

"அந்த அறையில ஒருத்தன் தூங்கினாத்தான் இது ஆட்டம். இல்லைன்னா நான் ஆடலை." அவர் அவ்வளவு நீளமாக வெளியாளிடம் பேசி நான் கேட்டதில்லை.

செயலாளர் இரண்டு நொடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அசல் சூழல்! பிரமாதம் ஐயா, பிரமாதம்! மைக்கை நிறுத்துங்கப்பா!"

அப்பா என் தோளைத் தொட்டு, கதவைக் காட்டினார். நான் போய்ப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் எவனுக்கு வரும்? கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அதில் பாதங்களின் நிழல் அங்கும் இங்கும் போனது. வேகமாகப் போகும் நிழல் சாம்பியனுடையது. தேய்த்துக்கொண்டு போவது அப்பாவுடையது. பந்து மெத்தையில் படுவது, யாரோ தலையணையைத் தட்டிப்போடுவதுபோல் இருந்தது. அப்பா தோற்றுக்கொண்டிருந்தார் என்று நிழலைப் பார்த்தே சொல்லலாம். அறுபத்தெட்டு வயதில் வேறென்ன செய்வார்.

நான் அரைத்தூக்கத்துக்குப் போனபோது, தொப்பென்று கதவில் பந்து விழுந்தது.

உலகத்தின் எந்தக் களத்திலும் அந்த இடத்தில் வெறும் பெயின்ட்தான் இருக்கும். இங்கே கதவு, அதன் பழைய தாழ்ப்பாள். தாழ்ப்பாள் குலுங்கியது. நிழல்கள் நின்றன.

நடுவர் கையை இறக்க மூன்று மூச்சு நேரம் என்று விதி. அது ஆனது. ஒரு நிழல் அசைந்தது, சாம்பியனுடையது. பந்து அடித்தது அவள்தான் போலிருக்கிறது. தோற்றேன் என்று கை தூக்கியிருப்பாள். மற்ற நிழல் அசையவில்லை. அவளுடையதும் மறுபடி நின்றது.

அப்புறம்தான் புரிந்தது. அப்பா நிற்கிறார். நடுவரின் கைக்காக அல்ல. குறட்டைக்காக.

எனக்குக் குறட்டை வராது. அப்பாவுக்கும் அது தெரியும். "தாத்தா மூக்கு உனக்கு, குறட்டை மட்டும் வரலை, தப்பிச்சோம்," என்று அம்மா சொல்வதுண்டு. ஆனால் அந்த நேரத்தில் அப்பாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்திருக்காது. உடம்பு தானாக நின்றுவிட்டிருக்கும். வெளியே ஒரு தும்மல் அடக்கப்பட்டது. நாற்காலி ஒன்று முனகியது. யாரோ கிசுகிசுக்க, யாரோ 'உஷ்' என்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கேமரா ஓடுகிறது. பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் யாராவது சிரிப்பார்கள். கிழவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள்.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பிடித்திருக்குமா என்றும் தெரியாது. கேட்காமல் கொள்ளாமல் அறைகிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் பகலில் தூங்குவது என்னவென்று எனக்குத் தெரியும். அது தூக்கமே இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தாலும் பாதி விழித்துவிடும். கதவில் பந்து விழுந்தால் கேட்காமல் இருந்திருக்காது. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கும். அப்படியானால் எழுந்துவந்து அறைந்த தடவைகள் போக, மற்ற தடவைகளில் அவர் என்ன செய்தார்? குறட்டை எப்படி உடனே மறுபடி வந்தது?

தெரியாது. நிஜமாகவே தூங்கியிருக்கலாம்.

நான் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டேன்.

முதல் குறட்டை பன்றி உறுமியதுபோல் வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் இடுக்கில் அப்பாவின் நிழல் அசைந்தது. மெத்தையில் பந்து பட்டது. ஆட்டம் தொடர்ந்தது. விதிப்படி அந்த ஆட்டம் அப்போதே முடிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பொய்க் குறட்டை விட்டுக்கொண்டே இருந்தேன். எப்போது அது நிஜமானது என்று தெரியவில்லை.

மீதியை அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்பா மோசமாகத் தோற்றாராம். ஐம்பது பேரும் விரல்களை ஆட்டினார்களாம். வெளியே துணிக்கு முன்னால் வந்து நின்றதும் சாம்பியன் அப்பாவிடம் கேட்டாள்: "ஐயா, நடுவர் கையை இறக்கியும் ஏன் அவ்வளவு நேரம் நின்னீங்க?"

"தூங்கிட்டாரான்னு பாக்கணும்ல," என்றார் அப்பா.

"யாரு?"

"அப்பா." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்ததாம். "ராத்திரி முழுக்கப் பம்ப் ஹவுஸ்ல நிப்பாரு. காலைல ஊருக்குத் தண்ணி வரணுமே. பகல்லதான் தூக்கம். எழுப்பினா அடிப்பாரு. அதான் நிப்போம்."

"ராத்திரி வேலையா?" என்றாள் சாம்பியன். "எங்க கூடத்துல அவரைப் பத்தி வேற மாதிரில்ல சொல்லுவாங்க."

"கல்லுலயும் அப்படித்தான் வெட்டியிருக்கு," என்றார் அப்பா.

அவள் துணியின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே எட்டிப் படித்தாள். படித்துவிட்டு விட்டுவிட்டாள். "நான் திறக்கலை," என்றாள்.

செயலாளர் பதறினார். "என்னம்மா இது, எல்லாரும் வந்திருக்காங்க!"

"எங்கம்மா ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி சார். பகல் முழுக்க உறங்கித்தான் கிடக்கும். நான் இதைத் திறந்து வெச்சேன்னு டிவியில பாத்துச்சுன்னா வீட்டுக்குள்ள சேக்காது."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. துணியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கடைசியில், "நான் அன்னைக்குக் கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லுக்காரரைத் தேடினார். "அழிக்க முடியுமா?"

"ஆழமா வெட்டினது சார். அழிச்சா குழி விழும்," என்றார் கல்லுக்காரர். "வருஷம் போட்ட வரிக்குப் பக்கத்துல இடம் கிடக்கு. அங்க சேக்கலாம். 'இரவெல்லாம் உழைத்து'ன்னு போட்டா கீழ 'பகலெல்லாம்'னு ஓடிடும்."

"உழைத்துன்னு வேணாம்," என்றார் அப்பா. "எல்லாரும்தான் உழைக்கிறாங்க. 'இரவெல்லாம் ஊருக்குத் தண்ணீர் ஏற்றி'ன்னு போடு."

"ஆதரவின்றி வளர்ந்தன்னு இருக்கே, அதையும் ஏதாவது..." என்று செயலாளர் இழுத்தார்.

"அது இருக்கட்டும். அது என் அண்ணன் பாடு."

கல்லுக்காரர் பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டு ஏணியில் ஏறினார். சுத்தியலை ஓங்கியபோது அப்பா கீழிருந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாராம்.

"இப்ப வேணாம்."

"ஏன்யா? பத்து நிமிஷ வேலை."

அப்பா ஜன்னலைக் காட்டினார். கறுப்புத் துணி போட்ட என் ஜன்னல். கல்லுக்கு நேர் பின்னால்தான் என் தலைமாடு.

"சாயங்காலம் அடி. அவன் தூங்குறான்."

நான் விழித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. தெருவில் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கல்லுக்காரர் வாசற்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். அம்மா என் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தாள்.

"உனக்கு எப்படா குறட்டை வந்துச்சு?"

"இன்னைக்குத்தான்."

அப்பா ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். கல்லுக்காரர் பக்கம் திரும்பி விரலை அசைத்தார். அவர் டம்ளரை வைத்துவிட்டு ஏறினார்.

முதல் அடி விழுந்தது.